பியானோ, ஈரக்காற்று, ஓர் ஒப்பந்த வரி: டெல்டாவில் பதிவான முதல் ஆல்பம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இசைக் கம்பெனியோடு ஒப்பந்தம் போடும் இளம் குழுக்கள் முதலில் பார்ப்பது முன்பணத் தொகையை. அடுத்து ராயல்டி சதவீதத்தை. பின்பக்கங்களில் எங்கோ ஒரு மூலையில், ‘ஒப்படைக்கப்படும் மாஸ்டர் பதிவு தொழில்நுட்ப ரீதியிலும் வணிக ரீதியிலும் கம்பெனிக்குத் திருப்தி அளிக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். மாஸ்டர் என்றால் பிரதிகள் எடுப்பதற்கான மூல ஒலிப்பதிவு. அந்த வரியில் நின்று படிப்பவர் அபூர்வம். இந்த ஆய்வில் வரும் குழுவின் வக்கீல் நின்று படித்தார். ‘வணிக ரீதியிலும்’ என்பதை அடித்துவிடுங்கள் என்றார். கம்பெனி கொஞ்ச நாள் இழுத்தடித்துவிட்டு ஒப்புக்கொண்டது. பதிலுக்குத் தொழில்நுட்ப நிபந்தனைகளைத் தனி இணைப்பாக நீட்டி எழுதிச் சேர்த்தது. இரைச்சல் கூடாது, மின்சார முனகல் கூடாது, சுருதி 440 ஹெர்ட்ஸ் (பியானோவின் நடு ஏ சுரத்தின் அதிர்வு), பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், பாடலுக்குத் தொடர்பில்லாத புறச்சத்தம் எதுவும் இருக்கக் கூடாது. இந்த ஆல்பம் இன்று இப்படி ஒலிப்பதற்கு அந்த ஒரு சொல் போனதும் இந்த இணைப்பு வந்ததும்தான் காரணம் என்பது என் கட்சி.

நான் இந்தப் பதிவின் ஒலிப்பதிவாளன். கும்பகோணத்துப் பக்கம் எனக்கு வாடிக்கையான வேலை நாகஸ்வரக் கச்சேரி, தேவாரம், பள்ளி ஆண்டு விழா, எப்போதாவது ஒரு கிறிஸ்தவப் பாடல் தொகுப்பு. ராக் குழு என்னைத் தேடி வந்தது டிரம்ஸ் வாசிக்கும் தம்பியின் அப்பாவால். அவர் தவில்காரர். தவில் ஒலி உடையாமல் பதிவு செய்கிற ஆள் டிரம்ஸையும் செய்வான் என்று சிபாரிசு செய்திருக்கிறார். குழுவின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை; ஒப்பந்தத்தின் ரகசியக் காப்புப் பிரிவு இன்னும் நடப்பில் இருக்கிறது.

குழுவும் பியானோவும்

மூன்று பேர். பாடுவதும் பியானோ வாசிப்பதும் பொறையாறு பக்கத்துப் பெண். பாஸ் கிட்டார் கும்பகோணம், டிரம்ஸ் திருவாரூர். தஞ்சாவூரில் ஒரே கல்லூரியில் படித்தார்கள், விழாக்களில் வாசித்தார்கள், யாரோ கேட்டுவிட்டு யாரிடமோ சொல்ல, சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. எல்லாக் குழுவுக்கும் நடக்கிற கதைதான்.

பியானோவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். சுவரோரம் நிற்கும் வகை, இங்கிலாந்தில் செய்தது. பாடகியின் பாட்டி ஒரு மிஷன் பள்ளியில் பாட்டு ஆசிரியை. பள்ளி பழைய சாமான்களைக் கழித்துக்கட்டியபோது இதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு அனுப்பும் பியானோக்களை வெப்பநாட்டுக்கென்று தனியாகச் செய்வார்கள். வெறும் பசையை நம்பாமல், ஒட்டிய இடங்களில் திருகாணியும் போட்டு முடுக்கியிருப்பார்கள். இது அந்த ரகம்.

‘டெல்டாவில் பியானோவா?’ என்று சென்னையிலிருந்து வந்த கம்பெனிப் பிரதிநிதி வியந்தார். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியது 1706இல். அங்கே 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் நிற்கிறது. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மேற்கத்திய வாத்தியக் குழுவையே அரண்மனையில் வைத்திருந்தார். வயலின் நம் கச்சேரி மேடைக்கு வந்து உட்கார்ந்த கதையில் தஞ்சை அரண்மனை வித்வான்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆபிரகாம் பண்டிதர் சுருதிகளைக் கணக்குப் போட்டுக் ‘கருணாமிர்த சாகரம்’ எழுதி 1917இல் வெளியிட்டதும் இதே தஞ்சாவூரிலிருந்துதான். வந்தவருக்கு இதையெல்லாம் சொல்ல நேரமில்லை, காரைக்கால் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

கடற்காற்று அந்தப் பியானோவை ஒரு வழி செய்திருந்தது. கீழ் ஸ்தாயிக் கம்பிகளின் மேல் சுற்றியிருக்கும் செம்பு பச்சை பூத்து, கட்டையை அழுத்தினால் நாதம் எழும்பாமல் ‘தொம்’ என்று அடங்கிவிடும். பாடகி சிறுவயதிலிருந்தே அந்தக் கட்டைகளைத் தவிர்த்தே வாசித்துப் பழகியவர். இடது கை எப்போதும் வழக்கமான இடத்துக்கு ஒரு ஸ்தாயி மேலேயே உலவும். குழு சேர்ந்தபோது கீழே காலியாகக் கிடந்த இடத்தை பாஸ் கிட்டார் பிடித்துக்கொண்டது. பியானோ ராக் பதிவுகளில் பியானோவின் இடது கையும் பாஸ் கிட்டாரும் கீழே முட்டிமோதிக் குழம்பாகிவிடுவதுதான் தீராத தலைவலி. இவர்களுக்கு அந்தத் தலைவலி வரவேயில்லை, பாட்டி வீட்டுத் துருவின் புண்ணியத்தில்.

கிட்டார் இல்லாத ராக் குழு புதிதல்ல. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துச் சாப்பல் ஹில் என்ற ஊரிலிருந்து வந்த பென் ஃபோல்ட்ஸ் ஃபைவ், பெயரில்தான் ஐந்து, ஆள் மூன்றே பேர்: பியானோ, பாஸ், டிரம்ஸ். அதில் ராபர்ட் ஸ்லெட்ஜ் தம் பாஸ் கிட்டாரை ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி வழியே விட்டு, கிட்டார் நிரப்ப வேண்டிய நடு அலைவரிசையையும் தாமே நிரப்புவார். இங்கிலாந்தின் கீன் குழு, 2001இல் கிட்டார்காரர் விலகிய பிறகு வேறு ஆளைத் தேடாமல், கம்பியும் சுத்தியலும் உள்ள யமஹா மின்பியானோவை முன்னிறுத்தி 2004இல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தது. நம் பாஸ்காரத் தம்பி ஸ்லெட்ஜைக் கேட்டுக் கேட்டுத் தேய்த்தவர். ‘கிட்டார் எங்கே?’ என்று கம்பெனி கேட்டபோதெல்லாம் கரகரப்புக் கருவியை மிதித்துக் காட்டுவார்.

வக்கீல் படித்த பக்கங்கள்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாட்டை மூன்று சொத்தாகப் பார்க்கிறது. வரிகள் ஒன்று, மெட்டு ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. முதல் இரண்டும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரியவை. ஒலிப்பதிவு, அதை எடுக்க முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்றுக்கொண்ட தயாரிப்பாளருக்கு உரியது. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். பாடியவர் தொண்டை கிழியப் பாடியிருந்தாலும் மாஸ்டர் பெரும்பாலும் பணம் போட்டவர் கைக்கே போகும்.

2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ஒரு வேலி போட்டது. வரிகளும் மெட்டும் ஒலிப்பதிவின் பகுதியாகப் பயன்படும்போது வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை அவர்கள் எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே மாற்றலாம். கம்பெனி அனுப்பிய முதல் வரைவில் ‘சகல உரிமைகளும், சகல ராயல்டியும், பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும்’ என்று இருந்தது. ‘பிரபஞ்சம் முழுவதும்’ என்ற இடத்தில் வக்கீல் ஒரு முறை சிரித்தார். உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கம்பெனிகள் பிரபஞ்சத்தையே கேட்டு வைக்கின்றன.

மாஸ்டர் உரிமையில் குழுவால் எதையும் பெயர்க்க முடியவில்லை. முதல் ஆல்பம், பேரம் பேச மடியில் எதுவும் இல்லை. வக்கீல் கம்பெனிப் பிரதிநிதியிடம் சொன்னது இதுதான்: ‘சொத்து உங்களுடையது, சரி. ஆனால் பிள்ளைகள் எதைச் செய்து கொடுத்தால் வேலை முடிந்தது என்று ஒத்துக்கொள்வீர்கள்? அதை அளந்து சொல்லுங்கள். அளக்க முடியாத எதையும் எழுதாதீர்கள்.’ முனகலை அளக்கலாம், சுருதியை அளக்கலாம். வணிகத் திருப்தியை எந்த மீட்டரில் அளப்பது? அந்தச் சொல் போயிற்று.

இதன் விளைவை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். இனி கிட்டார் சேர்க்கச் சொல்லியோ மெட்டை மாற்றச் சொல்லியோ கம்பெனியால் மாஸ்டரைத் திருப்பி அனுப்ப முடியாது. திருப்பி அனுப்ப அவர்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி தொழில்நுட்பக் குறை. ஆகவே குழுவின் மொத்தச் சுதந்திரமும் ஒலிப்பதிவாளன் தலையில் ஏறி உட்கார்ந்தது.

பொறையாறு வீடு

கம்பெனி சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் இடம் பிடித்துத் தருவதாகச் சொன்னது. அங்கே நல்ல கிராண்ட் பியானோ இருந்தது, ஈரப்பதக் கட்டுப்பாடு இருந்தது. ஆனால் வாடகை மணிக்கணக்கில், அதுவும் முன்பணத்தில் கழியும். பாடகி அந்தப் பியானோவில் ஒரு நாள் வாசித்துப் பார்த்தார். கீழ்க்கட்டைகள் எல்லாம் முழங்கின. இடது கை தானாகக் கீழே இறங்கிற்று. பாஸ்காரத் தம்பிக்கு வாசிக்க இடமில்லாமல் போயிற்று. ஊர் திரும்பும் ரயிலிலேயே வீட்டில் பதிவு செய்வது என்று முடிவாகிவிட்டது.

இதற்கும் முன்னோடி உண்டு. பென் ஃபோல்ட்ஸ் ஃபைவ் குழு சோனியின் கிளைக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்த பிறகு வந்த முதல் ஆல்பம் 1997இல் வெளியானது. அதைப் பெரும்பாலும் சாப்பல் ஹில்லில் ஃபோல்ட்ஸ் குடியிருந்த வீட்டில் வைத்துத்தான் பதிவு செய்தார்கள், தயாரிப்பாளர் கேலப் சதர்ன். அந்தப் பதிவின் ஒரு பாட்டில் வீட்டு டெலிபோன் மணியடிப்பது அப்படியே இருக்கிறது. இந்த டெலிபோன் பின்னால் நமக்கு உதவிற்று.

வீடு ஓட்டு வீடு. முற்றம், கூடம், அதையொட்டி நெல் கொட்டி வைக்கும் அறை. டிரம்ஸ் கூடத்தில், பியானோ நெல் அறையில், பாஸ் ஆம்ப்ளிஃபயர் பின்கட்டில். கூடத்தில் கைதட்டினால் ஓடும் சுவரும் எதிரொலிக்கும். ஸ்டூடியோவில் பஞ்சுப் பலகை அடிப்பார்கள். எங்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. முன்கார் குறுவை அறுவடை முடிந்து வைக்கோலை இயந்திரம் உருளையாகக் கட்டிப் போட்டுக்கொண்டிருந்த சமயம். நன்றாகக் காய்ந்த உருளைகளாகப் பார்த்து வாங்கி, டிரம்ஸைச் சுற்றி ஆள் உயரத்துக்கு அடுக்கினோம். வைக்கோலின் உள்ளே அடைபட்டிருக்கும் காற்று ஒலியை நன்றாக விழுங்கும். டிரம்ஸின் சிம்பல் தட்டுகளின் கூச்சல் ஒரே மாலையில் அடங்கியது. எலி வந்தது. தூசியால் டிரம்ஸ் தம்பிக்கு விடாத தும்மல். டேக்குக்கு (ஒரே மூச்சில் வாசித்துப் பதிவதற்கு) நடுவில் வந்த ஒரு தும்மலை, தாளத்தில் சரியாக விழுந்திருந்ததால், அழிக்க மனமில்லாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். இணைப்பைக் காட்டி நான்தான் மறுத்துவிட்டேன்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் சண்டையே இல்லை. மேடையில் எடுபட்டவை உள்ளே, மற்றவை வெளியே.

சண்டை முழுவதும் மின்சாரத்தோடு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பியானோவில் கீழேயிருந்து முதலாவதாக வரும் ஜி சுரத்தின் அதிர்வு 49 ஹெர்ட்ஸ். பாஸ் கிட்டார் ஒரு பாட்டில் அந்த ஜியைத்தான் நெடுநேரம் பிடித்து நிற்கும். முனகல் 50இல், சுரம் 49இல். இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு ஒரு முறை ஒலி பெருகிச் சுருங்கும். கேட்பவருக்கு முனகல் என்று தெரியாது, பாஸ்காரரின் கை நடுங்குகிறது என்று தோன்றும். அதுவும் எப்போதும் வராது. மும்முனை மின்சாரம் விட்டு வயல்களில் பம்ப்செட் ஓடத் தொடங்கியதும் ஏறும், நின்றதும் இறங்கும். முதலில் கேபிளைச் சந்தேகித்தோம், பிறகு ஆம்ப்ளிஃபயரை. கடைசியில் வீட்டின் எர்த் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் கையோடு வந்தது. உப்பரித்து அற்றுப்போயிருந்தது. கொல்லையில் புதிதாகக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, எர்த் இறக்கினோம். அந்த மண்ணில் நாலு அடி தோண்டினாலே ஈரம், ஆகவே எர்த் பிரமாதமாகப் பிடித்தது. அதன் பிறகும் ஜி வரும் பாட்டுக்கு மட்டும் வீட்டின் மெயினை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரைத் தொடாமல், மடிக்கணினியையும் பதிவுக் கருவியையும் அவற்றின் சொந்த பேட்டரியிலேயே ஓட்டினேன். பாஸை ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் நேரடியாகப் பதிந்து, அந்த ஒலியைப் பிறகு ஆம்ப்ளிஃபயர் வழியே விட்டுக்கொண்டோம்.

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்தது. வடகிழக்குப் பருவமழை டெல்டாவில் காலண்டர் பார்த்து வருவதில்லை, ஆனால் வந்துவிட்டால் காற்றைப் பிழியலாம். பியானோவின் ஒலிப்பலகை மரம். ஈரத்தைக் குடித்தால் உப்பும். உப்பியதும் கம்பிகளை நோக்கி வளைந்து அவற்றைத் தள்ளும், கம்பி இறுகும், சுருதி ஏறும். சுமார் 220 கம்பிகள், எல்லாவற்றின் இழுவையும் சேர்த்தால் 15 டன்னுக்கு மேல். எல்லாம் ஒன்றுபோல ஏறினால் பரவாயில்லை. நடு ஸ்தாயி அதிகமாகவும் மற்றவை குறைவாகவும் ஏறுவதுதான் கொடுமை. திருச்சியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், சர்ச் பியானோக்களுக்குச் சுருதி கூட்டியே நரைத்தவர். கீழ்ப்பலகையைக் கழற்றி, உள்ளே ஒரு 25 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டார். ‘இரவு பகல் எரியட்டும் தம்பி. அணைத்தால் என்னைக் கூப்பிடாதீர்கள்’ என்றார். பல்பின் சூடு உள்ளேயிருக்கும் காற்றை உலர்த்திக்கொண்டே இருக்கும். பழைய வித்தைதான். பதிவின்போது அந்தப் பல்பு ‘ஙொய்’ என்று பாடும் என்பதால் டேக் தொடங்கும் முன் அணைத்து, முடிந்ததும் போடுவது பாடகியின் தம்பியின் பொறுப்பாயிற்று.

கீபோர்டில் வாசித்திருந்தால் இந்த இம்சை எதுவும் இல்லையே என்று கம்பெனி கேட்டது. நியாயமான கேள்வி. மேடைக்குப் போகும்போது இவர்களே 88 கட்டை டிஜிட்டல் பியானோவைத்தான் கொண்டுபோகிறார்கள். பென் ஃபோல்ட்ஸ் ஃபைவ் ஊர் ஊராக ஒரு கிராண்ட் பியானோவையே சுமந்து திரிந்ததுபோல மயிலாடுதுறையிலிருந்து சரக்கு ஆட்டோவில் பியானோ ஏற்றிப் போக முடியாது. ஆல்பத்திலும் இரண்டு பாட்டுகளில் கீபோர்டுதான், எவை என்று இதுவரை யாரும் சரியாகச் சொல்லவில்லை. இருந்தும் மற்றப் பாட்டுகளுக்கு அந்தப் பழைய பெட்டிதான் வேண்டியிருந்தது. மெட்டுகள் அதன் ஊனத்தைச் சுற்றி வளர்ந்தவை.

நாகஸ்வரப் பாட்டு

ஒரே ஒரு பாட்டில் நாகஸ்வரம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த பாரி நாகஸ்வரம், 2 கட்டை சுருதி, அதாவது பியானோவின் டி. அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்துத் திருவாவடுதுறை, நாகஸ்வரத்தின் வாயில் செருகி ஊதும் நாணல் துண்டான சீவாளிக்குப் பேர்போனது. வித்வான் ஒரு கொத்து சீவாளியோடு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஊறவிட்டு, ஊதிப் பார்த்து, தலையசைத்து ஒதுக்கினார். மழைக்காலத்துச் சீவாளி சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பதால் கொஞ்சம் விறைப்பானதாகத் தேடினார்.

ராகம் மோகனம். முதல் டேக்கிலேயே ஏதோ உறுத்தியது. ஸட்ஜமம் சேருகிறது, பஞ்சமம் சேருகிறது, காந்தாரத்தில் பல் கூசுகிறது. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று வைத்துக்கொண்டால், இயற்கையாகச் சேரும் அந்தர காந்தாரம் 386இல் நிற்கும். பியானோ எல்லா ஸ்தாயியையும் சமமாகப் பன்னிரண்டு கூறு போட்ட வாத்தியம். அதன் காந்தாரம் 400இல் நிற்கும். இந்த 14 சென்டுக்கு நாகஸ்வர வித்வானின் காது ஒருபோதும் சம்மதிக்காது. அவர் ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: ‘பாப்பா, உன் பெட்டியின் காந்தாரம் ஒரு நூல் மேலே நிற்கிறது. நீ அதைத் தொடாதே. ஸா, பா மட்டும் போடு. காந்தாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.’

‘அப்படியென்றால் மேஜரா மைனரா என்றே தெரியாதே, ஐயா?’

‘நான் வாசிக்கும்போது தெரியும்.’

பாடகி இரண்டு கைகளிலும் காந்தாரத்தை எடுத்துவிட்டு வாசித்தார். பியானோ தம்புராவின் வேலையைச் செய்தது, ராகம் முழுவதும் நாகஸ்வரத்துக்குப் போயிற்று. கமகம் பியானோவால் முடியாது, சுரத்தை அழுத்தலாம், வளைக்க முடியாது. அந்த வளைவுகளை பாஸ் கிட்டார் கம்பியில் இழுத்து இழுத்துப் பின்தொடர்ந்தது. ஆல்பத்தில் நான் திரும்பத் திரும்பக் கேட்கிற இடம் அதுதான். வித்வான் போகும்போது டிரம்ஸ் தம்பியைப் பார்த்து, ‘அப்பாவிடம் ஒரு வருடம் தவில் கற்றுக்கொள், பிறகு இதை அடி’ என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பிக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

திரும்பி வந்த மூன்று பாட்டுகள்

மார்கழியில் மாஸ்டர்களை ஒப்படைத்தோம். கம்பெனி மூன்றைத் திருப்பியது. கடிதத்தில் கிட்டாரைப் பற்றிப் பேச்சில்லை, மெட்டைப் பற்றிப் பேச்சில்லை. பேச முடியாது. ஆனால் போனில் அந்தப் பிரதிநிதி, இரண்டு கிட்டார் டிராக்கும் சுருக்கமான முகப்பும் போட்டால் இந்தக் குறைகளைக் கம்பெனி பெரிதுபடுத்தாது என்று சூசகமாகச் சொன்னார். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் கேட்டதாகக் கணக்கில் ஏறும். இவர்கள் பாட்டு ஒன்றில் குரல் நுழையவே அதற்கு மேல் ஆகிறது. அவர் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. குழு மறுத்துவிட்டது. பாக்கியிருந்தது குறைகளைத் தீர்ப்பதுதான்.

முதல் பாட்டில் முனகல். அவர்கள் சொன்னது சரி. எர்த் மாற்றுவதற்கு முன் பதிந்த ஒரு பகுதி பாஸில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியை மீண்டும் வாசித்துச் சேர்த்தோம்.

இரண்டாவது, நாகஸ்வரப் பாட்டு. சுருதி 440இல் இல்லை, 443க்குப் பக்கத்தில் நிற்கிறது என்றார்கள். மழை ஏற்றிய சுருதி அது. வித்வான் ஏறிய பியானோவோடு சேர்ந்து வாசித்திருந்தார். பாட்டுக்குள் எல்லாம் ஒன்றுக்கொன்று சுத்தமாகச் சேர்ந்திருந்தன. ஆனால் இணைப்பில் 440 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. வித்வானை மறுபடி வரவழைத்தாலும் அந்த வாசிப்பு மறுபடி வராது. டேப் காலத்து உபாயத்தைக் கையில் எடுத்தேன். எல்லா டிராக்கையும் ஒன்றாகச் சேர்த்து, வேகத்தை ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத் தளர்த்தினேன். சுருதி 12 சென்ட் அளவுக்கு இறங்கி 440இல் வந்து நின்றது. நாலு நிமிடப் பாட்டு ஒன்றரை நொடி சொச்சம் நீண்டது. நாகஸ்வரத்தின் குரல் ஒரு பொட்டு கனத்தது. பாடகியின் குரலும்தான், அவருக்கு அது பிடித்தும் போயிற்று.

மூன்றாவதில் தவளை. கடைசிச் சரணத்துக்கு முன் ஒரு நீண்ட நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் கொல்லைக் குட்டையிலிருந்து தவளைகள் தெளிவாகக் கேட்கும். அழித்துப் பார்த்தேன். அழித்தால் பியானோவின் வால் ஓசையும் சேர்ந்து போனது, நிறுத்தம் வெறும் பள்ளமாகிவிட்டது. வக்கீல் இணைப்பை எடுத்து மீண்டும் படித்தார். ‘பாடலுக்குத் தொடர்பில்லாத புறச்சத்தம்’ என்றுதான் அதில் இருந்தது. பாட்டு ஐப்பசி அடைமழையைப் பற்றியது. அடைமழைப் பாட்டில் தவளை தொடர்பில்லாதது என்று கம்பெனி நிரூபிக்கட்டும் என்று பதில் எழுதினார். கூடவே 1997 ஆல்பத்தின் டெலிபோன் மணியையும் குறிப்பிட்டு, உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று அதை அப்படியே விற்றது என்று ஒரு வரி. ஒரு வாரத்தில் ஏற்புக் கடிதம் வந்தது. இந்தத் தொழிலில் வக்கீல் நோட்டீசில் தவளை இடம்பெற்றதை நான் கண்டது அப்போதுதான்.

மிக்ஸிங்கும் கணக்கும்

தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங்கைச் சென்னையில் தாங்கள் சொல்லும் ஆளிடம் செய்ய வேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை. பயந்துகொண்டே போனோம். அவர் நல்ல ஆள். பியானோவும் பாஸும் ஏற்கெனவே வெவ்வேறு மாடியில் குடியிருப்பதைப் பார்த்து, எதையும் வெட்டாமல் விட்டுவிட்டார். குரலை மட்டும் முன்னே இழுத்தார். ஒலி அளவை ஏற்றி நசுக்கும் வழக்கமும் அவரிடம் இல்லை; ஸ்ட்ரீமிங் தளங்கள் எப்படியும் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடும்போது கத்தி என்ன பயன் என்றார்.

கசப்பு கணக்கில்தான். அவருடைய கட்டணம் முன்பணத்தோடு சேர்ந்து குழுவின் கடனாக ஏறிற்று. முன்பணம் என்பது பரிசல்ல, திரும்பக் கழியும் பணம். கழிவதும் மொத்த வருமானத்திலிருந்து அல்ல, குழுவின் பங்கிலிருந்து. உதாரணத்துக்கு முன்பணம் 10 லட்சம், குழுவின் ராயல்டி 15 சதவீதம் என்று வையுங்கள். கம்பெனி 66 லட்சத்துக்கு மேல் சம்பாதித்த பிறகுதான் குழுவுக்கு முதல் ரூபாய் வரும். மிக்ஸிங் செலவு 3 லட்சம் கடனில் சேர்ந்தால் அந்த எல்லை 86 லட்சத்தைத் தாண்டிவிடும். வீட்டில் பதிவு செய்ததால் ஸ்டூடியோ வாடகை இந்தக் கணக்கில் ஏறவில்லை. குழுவுக்குக் காசாகக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டி தனி வாய்க்கால். கம்பெனியின் கடன் கணக்கு அதைத் தொட முடியாதபடி வக்கீல் முதலிலேயே மடை கட்டியிருந்தார். பாடகியும் பாஸ்காரரும், பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கான பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.இல் உறுப்பினரானார்கள், சிறிய தொகைதான், ஆனால் வருகிறது. டிரம்ஸ் தம்பி வரியும் எழுதவில்லை, மெட்டும் போடவில்லை, ஆகவே சட்டப்படி அவருக்கு இதில் பங்கில்லை. மூவரும் பேசி மூன்றாகப் பிரித்துக்கொள்கிறார்கள். இதை எழுத்தில் போட்டு வையுங்கள் என்று நானும் வக்கீலும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். இன்னும் போடவில்லை.

இப்போது இரண்டாவது ஆல்பத்துக்கான விருப்ப உரிமையை, அதாவது வேண்டுமானால் அதையும் தாங்களே எடுக்கலாம் என்ற உரிமையை, பயன்படுத்துவதாகக் கம்பெனி கடிதம் அனுப்பியிருக்கிறது. வக்கீல் திருத்தங்கள் கேட்டு எழுதியிருக்கிறார். மிக்ஸிங் செலவில் பாதியைக் கம்பெனியே ஏற்க வேண்டும். இணைப்பில் 440 என்பதற்குப் பதிலாகப் பாட்டு முழுவதும் ஒரே சுருதி என்று இருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து இரண்டு ஆல்பங்களின் மாஸ்டரும் குழுவுக்குத் திரும்ப வேண்டும். முதலாவதற்குச் சம்மதம் வந்துவிட்டது. சுருதி விஷயத்தைத் தங்கள் இன்ஜினியரிடம் கேட்டுச் சொல்வதாக இருக்கிறார்கள். மாஸ்டரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தையும் வரவில்லை.